இறுதியாண்டு ஆய்வேடு: இலங்கைக் கடனா, திருப்பூர் ஆர்டரா, வளைகுடாப் பணமா, ஐபோன் ஆலையா?

டிசம்பர் கடைசியில் தொடங்கி பொங்கல் வரைக்கும் முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவர்களிடமிருந்து வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "உலக அரசியல் பொருளாதாரத்துல புராஜெக்ட் செய்யணும், சினாப்சிஸ் கொடுக்க நாள் நெருங்குது, நாலு தலைப்பு கையில இருக்கு, எதை எடுக்கலாம்?" பொருளியல், அரசியல் அறிவியல், பன்னாட்டு உறவுகள் என்று துறை மாறினாலும் அந்த நாலு தலைப்பு அதிகம் மாறுவதில்லை: இலங்கையின் கடன் நெருக்கடி, திருப்பூர் பின்னலாடை, வளைகுடாவிலிருந்து வரும் பணம், ஸ்ரீபெரும்புதூர் மின்னணு ஆலைகள். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் கேட்பவர்கள் முதலாவதையும் மூன்றாவதையும் வைத்துக்கொண்டு திண்டாடுகிறார்கள். நாலுமே நல்ல தலைப்புகள்தான். ஆனால் நல்ல தலைப்பு வேறு, உங்களால் நாலு மாதத்தில் முடிக்க முடிகிற தலைப்பு வேறு. அதனால் ஒவ்வொன்றாக எடை போட்டுப் பார்த்துவிடுவோம்.

எதை வைத்து எடை போடுவது

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமான அளவுகோல் இது: தலைப்பின் இரண்டு முனையும் உங்கள் கண்ணுக்குத் தெரிகிறதா? ஏற்றுமதி எவ்வளவு, கடன் எவ்வளவு, எத்தனை பேர் வெளிநாடு போனார்கள் என்று மட்டும் எழுதினால் அது புள்ளிவிவரத் தொகுப்பாகத்தான் நிற்கும். முடிவு ஓரிடத்தில் எடுக்கப்படுகிறது, செலவு வேறோரிடத்தில் யார் தலையிலோ விழுகிறது, நடுவில் ஒரு நாட்டின் எல்லையோ இரண்டு மூன்று நாடுகளின் எல்லையோ இருக்கிறது. அந்தச் செலவு ஏன் இவர் தலையில் விழுந்தது, அவர் ஏன் தப்பித்தார் என்று கேட்கும்போதுதான் நாம் இந்தப் பாடத்துக்குள்ளேயே வருகிறோம். முடிவெடுக்கும் முனை ஆவணமாகத் தெரிந்தால் போதும், சுமக்கும் முனை நாலு மனிதர்களாகத் தெரிந்தால் போதும். ஆனால் இரண்டில் ஒன்று முழு இருட்டாக இருந்தால் ஆய்வேட்டில் பாதி ஊகம்தான்.

அடுத்தது தரவு. எங்கோ இருக்கிறது என்று கேள்விப்பட்ட தரவைக் கணக்கில் சேர்க்காதீர்கள். இன்று ராத்திரி உங்கள் மடிக்கணினியில் இறக்கிப் பார்க்க முடிகிறதா என்பதுதான் கேள்வி. அப்புறம் கதவு: யாராவது உங்களை உள்ளே விட்டுப் பேசவேண்டிய தலைப்பா, அப்படியானால் அந்த யாராவது யார், அவருடைய எண் உங்களிடம் இருக்கிறதா?

காலத்தைப் பற்றி எல்லோரும் ஏமாறுகிறார்கள். ஜனவரி முதல் மே வரை என்று காகிதத்தில் இருக்கும். அதில் பொங்கல் போகும், மற்ற தாள்களின் இன்டர்னல் போகும், கைடு திருத்தித் தர எடுத்துக்கொள்ளும் வாரங்கள் போகும், கருத்துத்திருட்டுச் சோதனை, பைண்டிங், வைவா எல்லாம் கடைசி மாதத்தைத் தின்றுவிடும். நிஜமாக ஆய்வுக்குக் கிடைப்பது ஆறிலிருந்து எட்டு வாரம்.

கடைசியாக, உங்களிடம் பேசுகிறவருக்கு உங்களால் என்ன ஆபத்து வரக்கூடும் என்பது. மதிப்பெண்ணில் இதற்கு இடமில்லை, ஆனாலும் இதை விட்டுவிட்டுத் தலைப்பு தேர்ந்தெடுக்கக் கூடாது.

அவசரமாக முடிவெடுக்க வேண்டியவர்களுக்கு அட்டவணை இதோ. ஆனால் மறைந்த செலவுகள் கீழே விரிவாக இருக்கின்றன, அதைப் படிக்காமல் சினாப்சிஸ் எழுதவேண்டாம்.

| தலைப்பு | முடிவெடுக்கும் முனை | சுமக்கும் முனை | தரவு | கதவு | மறைந்த செலவு |
|---|---|---|---|---|---|
| இலங்கைக் கடன் | ஆவணங்களில் நன்றாகத் தெரியும் | ஆட்களைத் தேடவேண்டும் | ஏராளம், இலவசம் | பெரும்பாலும் தேவையில்லை | படிக்கும் நேரம், எண்களின் வரையறைக் குழப்பம் |
| திருப்பூர் | நேரில் தெரியாது, இறக்குமதித் தரவில் தெரியும் | பக்கத்திலேயே இருக்கிறது | கலந்து எடுக்கவேண்டும் | கடினம், ஆனால் வழி உண்டு | பயணம், மொழிபெயர்ப்பு, பேட்டியை எழுத்தாக்கும் உழைப்பு |
| வளைகுடாப் பணம் | மங்கல் | உங்கள் தெருவிலேயே | கொஞ்சம் | சொந்த ஊர் என்றால் சுலபம் | வீட்டார் தொகையைச் சொல்லமாட்டார்கள் |
| மின்னணு ஆலை | பெரும்பாலும் மூடியிருக்கும் | காவலுக்குள் | மேலோட்டம் | மிகக் கடினம் | வாசலில் வீணாகும் வாரங்கள் |

இலங்கையின் கடன் நெருக்கடி

வெளியே போகாமல், யாரிடமும் கெஞ்சாமல், ஒரு நல்ல ஆய்வேடு எழுதவேண்டும் என்றால் இந்த நாலில் இதற்கு இணை இல்லை. 2022 ஏப்ரல் 12 அன்று இலங்கை தன் வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. 2023 மார்ச்சில் ஐ.எம்.எஃப். (சர்வதேச நாணய நிதியம்) சுமார் 300 கோடி டாலர் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது, 2024 ஜூனில் இந்தியா, ஜப்பான், பிரான்ஸ் இணைத் தலைமை வகித்த கடன் கொடுத்த நாடுகளின் குழுவோடு உடன்பாடு, அதே டிசம்பரில் டாலர் பாண்டுகள் மாற்றப்பட்டன. கதைக்கு ஒரு தொடக்கமும் முடிவும் கிடைத்துவிட்டது, மாணவருக்கு இது பெரிய வரம். ஐ.எம்.எஃப். அறிக்கைகள், நிதியமைச்சின் முதலீட்டாளர் விளக்கங்கள், மத்திய வங்கியின் ஆண்டறிக்கைகள் எல்லாம் இணையத்தில் இலவசம். மத்திய வங்கி அறிக்கைகள் தமிழிலும் இருக்கின்றன.

ஆனால் "சீனக் கடன் பொறி", அதாவது சீனா கடன் கொடுத்தே இலங்கையை மாட்டிவிட்டது என்று எழுதப் போகிறீர்கள் என்றால் கொஞ்சம் நில்லுங்கள். வைவாவுக்கு வருகிற வெளித் தேர்வாளர் அதே தலைப்பை எத்தனையோ முறை பார்த்துவிட்டுத்தான் வருகிறார், அதோடு அந்த வாதம் முதல் அட்டவணையிலேயே தடுக்கிவிடும். இலங்கை வெளிவளத் திணைக்களத்தின் 2021 ஏப்ரல் கணக்குப்படி வெளிநாட்டுக் கடனில் சந்தையில் வாங்கியது 47%, ஆசிய வளர்ச்சி வங்கி 13%, சீனா 10%, ஜப்பான் 10%, உலக வங்கி 9%. ஆனால் வேறு ஆய்வுகளில் சீனாவின் பங்கு கிட்டத்தட்ட 20% என்று இருக்கும். இரண்டும் சரிதான். முதல் கணக்கில் சீன வளர்ச்சி வங்கி கொடுத்த கடன் சந்தைக் கடன் பக்கம் போய்விடுகிறது, அரசு நிறுவனங்கள் வாங்கிய கடன் வெளியே நின்றுவிடுகிறது. இரண்டாவதில் அவையும் சேர்கின்றன. எந்த எண்ணை எடுத்தீர்கள், அதற்குள் என்ன இருக்கிறது என்று ஒரு பத்தி எழுதாவிட்டால் வைவாவில் மாட்டிக்கொள்வீர்கள். அம்பாந்தோட்டையும் அப்படித்தான்: 2017-ல் துறைமுகத்தைச் சீன நிறுவனத்துக்கு 99 ஆண்டு குத்தகைக்கு விட்டு வந்த 112 கோடி டாலர் அந்தத் துறைமுகக் கடனை அடைக்கப் போனது என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். அந்தப் பணம் அந்நியச் செலாவணிக் கையிருப்பைத் தாங்கப் போனது, துறைமுகத்துக்கு வாங்கிய கடன் அப்படியே இலங்கையின் கணக்கில் தொடர்ந்தது.

என்னைக் கேட்டால், இந்தத் தலைப்பில் இன்னும் யாரும் போதுமான அளவு தோண்டாத இடம் உள்நாட்டுக் கடன் சீரமைப்புதான். 2023 ஜூலை 1 அன்று நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் தந்தது. வங்கிகள் வைத்திருந்த ரூபாய் அரசு முறிகளை (பாண்டுகளை) தொடவில்லை, நிதித்துறையின் நிலைத்தன்மை கெடும் என்று காரணம் சொன்னார்கள். ஊழியர் சேமலாப நிதி போன்ற ஓய்வுகால நிதிகள் வைத்திருந்த முறிகளை நீண்டகால முறிகளாக மாற்றச் சொன்னார்கள்: 2025 வரை 12% வட்டி, அதற்குப் பிறகு 9%. மாற்ற மறுத்தால் நிதியின் வருமான வரி 14%-லிருந்து 30% ஆகும். தொழிலாளியின் ஓய்வுகாலச் சேமிப்புக்கு இந்த நிபந்தனை வந்தது, 2022 செப்டம்பரில் கொழும்பு விலைவாசிப் பணவீக்கம் 70% அளவுக்குப் போய் அந்தச் சேமிப்பின் மதிப்பை ஏற்கெனவே அரித்த பிறகு. முடிவெடுக்கும் முனை முழுக்க ஆவணத்தில் இருக்கிறது. சுமக்கும் முனை, மாதாமாதம் சம்பளத்திலிருந்து சேமலாபப் பிடித்தம் போகிற ஆடைத் தொழிற்சாலைப் பெண்ணும் தோட்டத் தொழிலாளியும் பத்திரிகை அலுவலக ஊழியரும். வங்கிக்கு ஏன் விலக்கு, இவர்களுக்கு ஏன் இல்லை? இந்த ஒரு கேள்வியே ஒரு முழு ஆய்வேடு.

மறைந்த செலவு என்ன? பணம் கிட்டத்தட்ட இல்லை, ஆனால் படிப்பு பயங்கரமாக இருக்கும். ஐ.எம்.எஃப். அறிக்கை ஒவ்வொன்றும் நூறு பக்கத்தைத் தாண்டும், அதில் கடன் தாங்குதிறன் பகுதியைப் புரிந்துகொள்ளவே முதல் இரண்டு வாரம் போய்விடும். நாடாளுமன்ற ஹன்சார்டில் (விவாதங்களின் அதிகாரப்பூர்வப் பதிவில்) உரைகள் பேசிய மொழியிலேயே அச்சாகின்றன, ஆக சிங்களம் படிக்கத் தெரியாதவர்களுக்கு விவாதத்தின் பெரும்பகுதி கைக்கு எட்டாது. அந்த அளவுக்குச் சிங்களம் தெரிந்த ஒரு நண்பர் இருந்தால் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், ஒப்பிடுகிறேன் என்று, இதேபோல் கடன் தவணையை நிறுத்திய சாம்பியாவையும் கானாவையும் உள்ளே இழுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். மூன்று நாட்டுக் கடன் விதிகளை எட்டு வாரத்தில் கற்க முடியாது. பிஎச்.டி.க்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இலங்கையில் படிக்கிறவர்களுக்கும், தமிழ்நாட்டில் வீட்டை விட்டு வெளியே தங்க அனுமதியோ பணமோ இல்லாதவர்களுக்கும், ஆவணத்தைப் பொறுமையாக வாசிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கும் இதுதான். மனிதர்களிடம் பேசினால்தான் ஊக்கம் வரும் என்கிறவர்கள் மூன்றாம் வாரத்திலேயே சோர்ந்துவிடுவார்கள்.

திருப்பூர் பின்னலாடை

இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இந்த ஒரு ஊரிலிருந்து போகிறது, அதனாலேயே திருப்பூரைப் பற்றி ஆய்வேடுகள் குவிந்து கிடக்கின்றன. பெரும்பாலானவை "திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சந்திக்கும் சிக்கல்கள்" என்ற ஒரே அச்சில் வார்த்தவை: நூல் விலை, மின்கட்டணம், ஆள் பற்றாக்குறை, வங்கதேசப் போட்டி, கடைசியில் அரசுக்குப் பரிந்துரைகள். அதையே இன்னொரு முறை எழுதவேண்டாம்.

கேட்கவேண்டிய கேள்வியை 2025 ஆகஸ்ட் கொண்டுவந்து கொடுத்தது. அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு முதலில் 25%, அப்புறம் 27-ம் தேதி முதல் மொத்தம் 50% கூடுதல் வரி போட்டது. சட்டப்படி அந்த வரியைக் கட்டுகிறவர் அங்கே இறக்குமதி செய்கிறவர். ஆனால் அவர் திருப்பூருக்குப் போன் போட்டு விலையைக் குறை என்று கேட்டால், ஏற்றுமதியாளர் தன் லாபத்தில் கொஞ்சம் விடுவார், மிச்சத்தை நிட்டிங், சாயம், காம்பாக்டிங், பிரிண்டிங் என்று ஒவ்வொரு வேலையையும் கூலிக்குச் செய்து தரும் ஜாப் ஒர்க் யூனிட்களின் ரேட்டில் குறைப்பார், அவர்கள் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவரிடம் குறைப்பார்கள், அல்லது ஆர்டரே இல்லாமல் ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட் ஆகும். ஆக வாஷிங்டனில் போட்ட வரியில் எவ்வளவு எந்தப் படியில் வந்து நின்றது? இப்படி ஒரு கேள்விக்கு முழு விடை கிடைக்காவிட்டாலும், இரண்டு படிக்கு விடை கண்டாலே நல்ல ஆய்வேடு.

பையரின், அதாவது அங்கே வாங்குகிறவரின் முனை இருட்டு என்று பலரும் கைவிட்டுவிடுகிறார்கள். உண்மையில் அதற்கு ஒரு ஜன்னல் இருக்கிறது. அமெரிக்க அரசின் இறக்குமதித் தரவு மாதவாரியாக இலவசமாகக் கிடைக்கிறது. பருத்தி டி-ஷர்ட்டுக்கான சுங்கக் குறியீடு 610910-ஐ எடுத்தால் இந்தியாவிலிருந்து எத்தனை டஜன் வந்தது, எத்தனை டாலர் மதிப்பு என்று இருக்கும். அந்த மதிப்பில் வரி சேராது. டாலரை டஜனால் வகுத்தால் ஒரு டஜனின் சராசரி விலை. வரிக்கு முந்தைய மாதங்களையும் பிந்தைய மாதங்களையும், பக்கத்தில் வங்கதேசத்தையும் வியட்நாமையும் வைத்துப் பாருங்கள். இந்திய விலை மட்டும் இறங்கியிருந்தால் சுமையில் ஒரு பகுதி இந்தப் பக்கம் வந்திருக்கிறது என்று சொல்ல இடம் உண்டு. இரண்டு எச்சரிக்கை: வரிக்குப் பயந்து முன்கூட்டியே அனுப்பிய சரக்கால் ஜூன், ஜூலை எண்கள் வீங்கியிருக்கும், மலிவான ரகம் அதிகம் போனாலும் சராசரி இறங்கும், அதைத் தள்ளுபடி என்று எழுதிவிடக் கூடாது. இன்னொன்றும் இருக்கிறது. பின்னலாடை முழுவதையும் சேர்த்த குறியீடு 61-ன் கீழ் வரும் இந்தியக் கணக்கு நாடு முழுவதற்குமானது, அதைத் திருப்பூர் கணக்கு என்று தலைப்பு போட்டால் தேர்வாளர் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்பார்.

சரி, கதவு? பெரிய ஏற்றுமதி நிறுவனத்தின் வாசலில் கல்லூரிக் கடிதத்தோடு போய் நின்றால் "மேனேஜர் மீட்டிங்ல இருக்கார், அடுத்த வாரம் வாங்க" என்பதோடு முடிந்துவிடும். காஸ்ட் ஷீட்டை (ஒரு ஆடைக்கு ஆகும் செலவுக் கணக்கை) காட்டச் சொல்லி நேரடியாகக் கேட்டால் பேச்சே நின்றுவிடும். பக்கவாட்டுக் கதவுகளைப் பாருங்கள்: மெர்ச்சண்டைசராக (பையரோடு பேசி ஆர்டரைக் கவனிக்கிறவராக) இருக்கும் சீனியர், ஜாப் ஒர்க் யூனிட்களுக்குக் கணக்கு எழுதுகிறவர், தொழிற்சங்க அலுவலகம். ஜாப் ஒர்க் முதலாளிகள் ஏற்றுமதியாளரைவிட மனம் திறந்து பேசுவார்கள், ஏனென்றால் அவர்களுக்கும் சொல்ல குறை இருக்கிறது. "உங்க ரேட் என்ன?" என்று கேட்காமல் "போன வருஷம் இதே மாசம் கிலோவுக்கு வாங்கினதுக்கும் இப்போதைக்கும் எவ்வளவு வித்தியாசம்?" என்று கேட்டுப் பாருங்கள், பதில் வரும். தொழிலாளர்களைப் பார்க்க ஞாயிறு காலைதான் நேரம். சனிக்கிழமை வாரச் சம்பளம் கைக்கு வந்திருக்கும், அந்த வாரம் எத்தனை ஷிப்ட் ஓடியது என்பது மனதில் இருக்கும்.

மறைந்த செலவுகள் இங்கேதான் அதிகம். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும், இருபது பேட்டி எடுத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒடிசா, பீகார், வங்காளத்திலிருந்து வந்த தொழிலாளர்களை விட்டுவிட்டுத் தமிழில் பேசுகிறவர்களை மட்டும் கேட்டால் பாதி ஊரை விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம், அவர்களிடம் பேச ஹிந்தி மொழியாவது தெரிந்த ஆள் கூட வரவேண்டும். பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதிகளில் வார்டன் முன்னிலையில் எடுக்கும் பேட்டி எதற்கும் உதவாது, அங்கே பேசிய பெண்ணுக்குத்தான் பிறகு தொந்தரவு.

இவ்வளவு அலைய முடியாதவர்களுக்கு அதே ஊரில் ஒரு பழைய வழக்கு இருக்கிறது. நொய்யலில் சாயக்கழிவு கலந்ததால் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது, பிறகு கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியே விடாத சுத்திகரிப்போடுதான் திறந்தார்கள். டி-ஷர்ட்டின் விலை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தீர்மானமாகிறது, தண்ணீரைச் சுத்தம் செய்யும் செலவு இங்கே சாயப்பட்டறைக்கும் அரசு மானியத்துக்கும் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே நிலம் கெட்ட விவசாயிக்கும் இடையே பங்கிடப்பட்டது. நீதிமன்ற ஆணைகள் பொதுவில் இருப்பதால் இதை முக்கால்வாசி ஆவணத்தை வைத்தே எழுதலாம்.

கொங்குப் பகுதியில் உறவோ நட்போ உள்ளவர்களுக்கு, இரண்டு மாதம் வார இறுதிகளைக் கொடுக்க முடிகிறவர்களுக்கு, நாலு தலைப்பிலும் இதுதான் சிறந்தது என்பது என் கருத்து. ஊரில் யாரையும் தெரியாது, போய்த்தான் ஆள் பிடிக்கவேண்டும் என்றால் எடுக்காதீர்கள்.

வளைகுடாவிலிருந்து வரும் பணம்

ராமநாதபுரம், சிவகங்கை, தஞ்சை, நாகை பக்கத்து மாணவர்கள் இதைத்தான் முதலில் நினைக்கிறார்கள், நியாயம்தான், அப்பாவோ மாமாவோ துபாயிலோ குவைத்திலோ இருப்பார். கதவு திறந்தே இருக்கிறது. தரவுதான் மெலிவு. ரிசர்வ் வங்கியின் 2023-24 ஆய்வில் இந்தியாவுக்கு வந்த பணத்தில் அமெரிக்காவின் பங்கு 27.7%, ஐக்கிய அரபு எமிரேட்ஸ் 19.2%, பெற்ற மாநிலங்களில் தமிழ்நாடு 10.4%. ஆனால் அந்த ஆய்வு கேட்டது வங்கிகளிடமும் பணம் அனுப்பும் நிறுவனங்களிடமும்தான், வீடுகளிடம் இல்லை. உங்கள் மாவட்டத்துக்கு அதை இறக்கிக் காட்ட முடியாது. 2015-ல் எடுத்த தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு வீட்டளவில் உதவும், ஆனால் அது பழசாகிவிட்டது.

இங்கே பலரும் தவறவிடுவது முடிவெடுக்கும் முனையை. "பணம் வந்தது, வீடு கட்டினார்கள், பிள்ளைகள் படித்தார்கள்" என்று எழுதினால் அது ஊர் வரலாறு, நல்ல ஊர் வரலாறாகக்கூட இருக்கலாம், ஆனால் யார் விதியைப் போட்டார்கள் என்பது அதில் இருக்காது. விசா செலவை யார் சுமக்கிறார்கள் என்று திருப்பினால் இரண்டு முனையும் கிடைக்கும். பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு இந்திய அரசு 30,000 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. உங்கள் தெருவில் போனவர்கள் கொடுத்தது எவ்வளவு, அதற்கு அடகுக்குப் போன நகை எவ்வளவு, வட்டி எத்தனை மாதச் சம்பளத்தைத் தின்றது? வேலை கொடுக்கும் முதலாளி கட்டவேண்டிய செலவு தொழிலாளியின் தலையில் வருவது ஏன் என்று கேட்டால் வளைகுடாவின் கஃபாலா முறை (தொழிலாளியின் விசாவை முதலாளியோடு கட்டிவைக்கும் முறை), இங்குள்ள சப்-ஏஜென்ட், ஆள் அனுப்பப் போட்டி போடும் நாடுகள் எல்லாம் தானாக உள்ளே வரும்.

வீட்டார் தொகையைச் சொல்லத் தயங்குவார்கள். அனுப்பும் பணத்தைக் கேட்காமல், போவதற்கு ஆன கடனைக் கேளுங்கள், அதைச் சொல்லப் பெரும்பாலும் கூச்சப்படுவதில்லை. உண்டியல் (வங்கியைத் தவிர்த்துக் கைமாறும் ஹவாலா) வழியாக வரும் பணத்தைப் பற்றி இந்தியாவில் கேட்கும்போது கவனம் வேண்டும்: அது சட்டத்துக்குப் புறம்பானது, பெயரும் ஊரும் தெரியும்படி எழுதி உங்கள் சொந்த ஆட்களையே மாட்டிவிடாதீர்கள்.

இலங்கை மாணவர்களுக்கு இந்தத் தலைப்பு முதலாவதோடு சேர்ந்துகொள்கிறது, இரண்டைச் சேர்க்கலாம் என்று நான் சொல்கிற ஒரே இடம் இதுதான். 2020-ல் வெளிநாட்டிலிருந்து வந்த பணம் சுமார் 710 கோடி டாலர், 2021-ல் 550 கோடி, 2022-ல் 380 கோடிக்கு இறங்கியது. ஆட்கள் அனுப்புவதை நிறுத்திவிடவில்லை. டாலரை 200 ரூபாய்ச் சொச்சத்தில் மத்திய வங்கி பிடித்துவைத்திருந்தபோது வெளியே அதற்கு மேல் கிடைத்தது, வங்கி வழியே அனுப்பினால் நஷ்டம், பணம் உண்டியலுக்குத் திரும்பியது. 2022 மார்ச்சில் பிடியை விட்ட பிறகு மே மாதத்துக்குள் டாலர் 360 ரூபாயை எட்டியது. அந்த மாற்று விகிதம் யாரைக் காப்பாற்ற வைக்கப்பட்டது, கத்தாரில் வீட்டு வேலை செய்யும் பெண்ணின் சம்பளத்திலிருந்து எவ்வளவு அதற்குப் போனது என்பது மாதவாரி எண்களை வைத்துக் கணக்குப் போடக்கூடிய கேள்வி.

ஸ்ரீபெரும்புதூர் மின்னணு ஆலைகள்

எல்லோருக்கும் ஆசையான தலைப்பு, எட்டு வாரத்துக்குள் எல்லோரையும் கைவிடும் தலைப்பு. ஆலைக்குள் விடமாட்டார்கள், விடுதியில் தங்கும் பெண்கள் வெளியாட்களிடம் பேசினால் வேலைக்கு ஆபத்து, அரசோடு போட்ட ஒப்பந்தங்களின் விவரம் முழுதாக வெளியே வருவதில்லை. போன் ஏற்றுமதி டாலரில் எவ்வளவு என்பது செய்தியில் வந்துவிடும். அதில் இறக்குமதி செய்த பாகங்கள் போக இங்கே நின்ற மதிப்பு எவ்வளவு என்பதுதான் கேள்வி, அதற்கான பன்னாட்டுத் தரவு சில ஆண்டு தாமதமாகத்தான் வரும்.

விடவே மனமில்லை என்றால் நோக்கியாவை எடுங்கள். 2006-ல் தொடங்கி 2014 நவம்பரில் மூடிய ஆலை. கொடுத்த சலுகைகள், வருமான வரி வழக்கு, வேலை இழந்தவர்கள் என்று எல்லாம் முடிந்துபோன விஷயம், அப்போது வேலை செய்தவர்களுக்கு இன்று பேசப் பயமில்லை. அல்லது 2024 செப்டம்பர், அக்டோபரில் சாம்சங் ஆலையில் நடந்த வேலைநிறுத்தம்: சங்கத்தைப் பதிவு செய்வது பற்றிய சண்டை நீதிமன்றம் வரை போனதால் காகிதம் இருக்கிறது, சங்கத்தார் பேசுவார்கள். நிறுவனத்தின் தரப்பு கிடைக்காது என்பதை முதல் அத்தியாயத்திலேயே எழுதிவிடுங்கள்.

முடிவெடுக்க ஒரு வாரம்

இன்னும் இரண்டு தலைப்புக்கு நடுவில் நிற்கிறீர்கள் என்றால் யோசிப்பதை நிறுத்திவிட்டு இரண்டையும் ஒரு வாரம் செய்து பாருங்கள். கடன் என்றால் ஒரு ஐ.எம்.எஃப். அறிக்கையைத் திறந்து யாருக்கு எவ்வளவு பாக்கி என்று நீங்களே ஒரு அட்டவணை போடுங்கள். சலிப்பு வந்ததா, ஆர்வம் வந்ததா என்று தெரிந்துவிடும். திருப்பூர் என்றால் தெரிந்தவர்கள் மூலம் நாலைந்து பேருக்குப் போன் போடுங்கள். ஒருவர்கூட நாள் குறித்துத் தரவில்லை என்றால் மார்ச்சிலும் தரமாட்டார்கள். அந்த வாரமே 610910-க்கு இரண்டு ஆண்டு மாதாந்திர எண்களை இறக்கி ஒரு வரைபடம் போட்டுவிடுங்கள். வளைகுடா என்றால் சொந்தக்காரர் அல்லாத இரண்டு வீட்டில் விசா கடனைக் கேட்டுப் பாருங்கள்.

கைடு என்ன சொல்வாரோ என்ற பயம் பலருக்கு இருக்கிறது. கைடுக்குப் பழக்கமில்லாத தலைப்பை எடுத்தால் திருத்தம் மெதுவாகத்தான் வரும், அதுவும் ஒரு மறைந்த செலவு, குறைத்து மதிப்பிடாதீர்கள். ஆனால் தலைப்பை மட்டும் வாயால் சொன்னால் அவர் மறுப்பது சுலபம். அந்த ஒரு வாரத்தில் போட்ட அட்டவணையையோ வரைபடத்தையோ, பேசச் சம்மதித்தவர்களின் பட்டியலையோ கையில் கொண்டு போய், சினாப்சிஸின் முதல் பக்கத்திலேயே யார் முடிவெடுத்தார், யார் சுமந்தார் என்று இரண்டு வரியில் எழுதிக் கொடுங்கள். அவர் திருத்தச் சொன்னால் அந்த இரண்டு வரியைத்தான் திருத்தச் சொல்வார், அதற்கு ஒரு மாலை போதும்.